பவர்லிஃப்டிங்கில் ஒரு மெடல் கூட இல்லை... ஆனாலும் அவர்தான் முன்னோடி! யார் இந்த பால் ஆண்டர்சன்? 2,844 கிலோ தூக்கியது உண்மையா?

இன்னைக்கு எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் ஸ்குவாட் ரேக் நிற்கும். தோளில் கம்பியை வைத்து, உட்கார்ந்து எழும் அந்தப் பயிற்சியைச் செய்யாமல் எந்த கோச்சும் விடமாட்டார். ஆனால் 70 வருஷத்துக்கு முன்னால் நிலைமை இப்படி இல்லை. ஸ்குவாட் என்பது ஒரு துணைப் பயிற்சி, அவ்வளவுதான். அதை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் பால் ஆண்டர்சன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பவர்லிஃப்டிங் என்ற விளையாட்டின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்படுபவர். ஆனால் அந்த விளையாட்டின் அதிகாரப்பூர்வ போட்டி ஒன்றில் கூட அவர் பெயர் சாதனைப் பட்டியலில் கிடையாது. அது ஏன்? அவர் தூக்கியதாகச் சொல்லப்படும் எடைகளில் எதை நம்பலாம், எதை நம்ப முடியாது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்: பளுதூக்குதல் வேறு, வலுதூக்குதல் வேறு

பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இரண்டும் வேறு வேறு.

ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது பளுதூக்குதல், அதாவது வெயிட்லிஃப்டிங். இதில் எடையைத் தரையில் இருந்து தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். இப்போது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என இரண்டு பிரிவுகள். ஆண்டர்சன் காலத்தில் பிரஸ் என்ற மூன்றாவது பிரிவும் இருந்தது. கம்பியைத் தோள் வரை தூக்கி, கால்களை வளைத்து உந்தாமல், கை வலுவால் மட்டும் தலைக்கு மேல் தள்ளுவதுதான் பிரஸ். வீரர்கள் உடம்பைப் பின்னால் வளைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். எது சரி, எது தவறு என்று நடுவர்கள் முடிவு செய்வதே பெரிய தலைவலியானது. அதனால் 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு பிரஸ் நீக்கப்பட்டது.

வலுதூக்குதல், அதாவது பவர்லிஃப்டிங்கில் எடை தலைக்கு மேல் போகாது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என மூன்று பிரிவுகள். வேகத்தையும் நுணுக்கத்தையும் விட சுத்தமான உடல் வலுவுக்குத்தான் இங்கே முதலிடம்.

ஆண்டர்சன் மெடல் வாங்கியது முதல் விளையாட்டில். அடையாளமாக மாறியது இரண்டாவது விளையாட்டில். இந்த முரண்பாடுதான் அவர் கதை.

சிறுநீரக நோயோடு தொடங்கிய குழந்தைப் பருவம்

1932 அக்டோபர் 17 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா என்ற சின்ன ஊரில் பிறந்தார் பால் ஆண்டர்சன். உலகத்தின் பலசாலி என்று பின்னாளில் பெயர் வாங்கியவரின் குழந்தைப் பருவம் நோயோடுதான் தொடங்கியது. சின்ன வயதிலேயே பிரைட்ஸ் நோய் தாக்கியது. சிறுநீரகங்களில் ஏற்படும் வீக்கத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர் அது. அப்போது அதற்கு இன்றைக்கு இருப்பது போன்ற சிகிச்சைகள் கிடையாது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சிறுநீரகப் பிரச்சினை அவரை முழுசாக விட்டுப் போகவில்லை. வாழ்க்கையின் கடைசியில் அது மீண்டும் வந்து நின்றது. அதைப் பிறகு பார்ப்போம்.

பள்ளிக் காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால்தான் அவர் விளையாட்டு. அதில் கிடைத்த உதவித்தொகையில் தெற்கு கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேதான் எடைப் பயிற்சி அறிமுகமானது. ஃபுட்பாலுக்காக உடம்பை ஏற்றப் போனவருக்கு, எடையே பிடித்துப்போனது. படிப்பு ஒரு வருஷத்தோடு நின்றது. பெற்றோர் டென்னசி மாநிலத்தின் எலிசபெத்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் கூடவே போனார்.

அந்த இடமாற்றம்தான் திருப்புமுனை. ஏன்னா, அந்தப் பக்கத்தில்தான் பாப் பீப்பிள்ஸ் இருந்தார்.

யார் இந்த பாப் பீப்பிள்ஸ்?

பாப் பீப்பிள்ஸ் ஒரு விவசாயி. சுமார் 82 கிலோ எடை கொண்ட சாதாரண உடல்வாகு. ஆனால் டெட்லிஃப்டில் அந்தக் காலத்தின் மன்னன். 1949-ல் சுமார் 329 கிலோவைத் தரையில் இருந்து தூக்கி நிமிர்ந்தவர். தன் உடல் எடையைப் போல நான்கு மடங்கு!

வீட்டின் அடித்தளத்தில் தானே செய்த கருவிகளோடு பயிற்சி எடுத்தவர் பீப்பிள்ஸ். கடையில் வாங்கும் உபகரணம் இல்லை என்றால் மரத்திலும் இரும்பிலும் தானே ஒன்று செய்துகொள்வார். அந்த அடித்தளத்துக்கு ஒருநாள் வந்த ஆண்டர்சன், சுமார் 250 கிலோவைத் தோளில் வைத்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார் என்று பதிவாகியிருக்கிறது. பயிற்சியே இல்லாத இளைஞர் தூக்கக்கூடிய எடையா அது? பீப்பிள்ஸுக்கு உடனே புரிந்துவிட்டது. போட்டி நடத்துபவர்களிடமும் பளுதூக்கும் வட்டாரத்திடமும் இந்த இளைஞரை அவர்தான் அறிமுகப்படுத்தினார்.

குழி தோண்டிப் பயிற்சி: அது என்ன டெக்னிக்?

ஆண்டர்சனின் பயிற்சி முறை இன்றைக்கும் பேசப்படுகிறது. காரணம், அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. சிமென்ட் நிரப்பிய பீப்பாய்கள், பழைய இரும்புச் சக்கரங்கள், தடித்த கம்பி. இவ்வளவுதான் உபகரணம்.

அவர் செய்த ஒரு வேலை ரொம்ப சுவாரசியமானது. வீட்டுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குழி தோண்டினார். குழிக்கு மேல் எடையை வைத்துவிட்டு, குழிக்குள் இறங்கி நின்று தோளில் ஏந்தினார். குழி ஆழமாக இருப்பதால், முழுசாக உட்கார வேண்டியதில்லை. கொஞ்சம் மட்டும் முழங்காலை மடக்கி நிமிர்ந்தால் எடை மேலே வந்துவிடும். ஆகவே முழு ஸ்குவாட்டில் தூக்க முடியாத பெரிய எடையை, இந்த அரை அசைவில் தூக்க முடிந்தது.

பிறகு குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைப் போட்டு நிரப்பினார். மண் ஏற ஏற, அவர் நிற்கும் இடமும் உயரும். அதே எடையைத் தூக்க, முன்பை விடக் கொஞ்சம் அதிகமாக உட்கார வேண்டியிருக்கும். இப்படியே போனால் ஒருநாள் குழி முழுசாக மூடிவிடும். அன்றைக்கு அதே எடையோடு முழு ஸ்குவாட் செய்திருப்பார்!

எடையைக் கூட்டுவதற்குப் பதிலாக, எடையை அப்படியே வைத்துக்கொண்டு அசைவின் தூரத்தைக் கூட்டுவது. இன்றைய பவர்லிஃப்டிங் கோச்கள் ரேக்கில் கம்பியின் உயரத்தை மாற்றி மாற்றிச் செய்யவைக்கும் பயிற்சிகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான்.

சாப்பாடு? பால்தான் பிரதானம். நாள் முழுக்க லிட்டர் கணக்கில் குடிப்பார். சுமார் 5 அடி 9 அங்குல உயரம். உச்சத்தில் இருந்தபோது எடை 160 கிலோவுக்கு மேல்.

கால் வலு எதற்கு?

அமெரிக்காவில் ஸ்குவாட்டை ஓரளவு பிரபலப்படுத்தியவர் ஹென்றி மிலோ ஸ்டைன்போர்ன். 1920-களில் ஜெர்மனியில் இருந்து வந்த பலசாலி. ஆனாலும் பல பயிற்சியாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் தூக்குவதற்குக் கையும் தோளும்தானே வேணும் என்பதுதான் பொதுவான எண்ணம்.

ஆண்டர்சன் இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கினார். அவர் பயிற்சியின் மையமே ஸ்குவாட்தான். காலும் இடுப்பும் முதுகும் அசைக்க முடியாத அடித்தளமாக இருந்தால், மேலே எதைத் தள்ளினாலும் உடம்பு ஆடாது என்று நிரூபித்தார். உலகம் அதை நேரில் பார்த்தது ஒரு மழை நாளில், மாஸ்கோவில்.

1955 மாஸ்கோ: பனிப்போருக்கு நடுவே ஒரு மழை நாள்

அது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் எதிரும் புதிருமாக நின்ற பனிப்போர் காலம். இரண்டு நாடுகளுக்கும் இடையே பேச்சே அரிது. அந்தச் சூழலில் 1955 ஜூனில் அமெரிக்க பளுதூக்கும் அணி மாஸ்கோ போனது. அணியை வழிநடத்தியவர் யார்க் பார்பெல் நிறுவனத்தின் பாப் ஹாஃப்மன். அணியின் நட்சத்திரம் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான டாமி கோனோ, ஏற்கெனவே ஒலிம்பிக் சாம்பியன். ஆண்டர்சனை அங்கே யாருக்கும் தெரியாது.

ஜூன் 15. கார்க்கி பூங்காவின் திறந்தவெளி அரங்கம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆனாலும் சுமார் 15,000 பேர் கூடியிருந்தார்கள்.

ஹெவிவெயிட் பிரிவில் சோவியத் வீரர் அலெக்சி மெத்வெதேவ் பிரஸ் பிரிவில் 150 கிலோவைத் தூக்கினார். அன்றைய ஒலிம்பிக் சாதனைக்குச் சமமான எடை. அரங்கம் கைதட்டியது.

அடுத்து ஆண்டர்சன் மேடைக்கு வந்தார். அகலமான உடம்பு, பக்கவாட்டில் ஆடி ஆடி நடக்கும் நடை. கூட்டத்தில் சிரிப்புச் சத்தம். கம்பியில் ஏற்றச் சொன்ன எடை 182.5 கிலோ என்று அறிவிக்கப்பட்டதும் சிரிப்பு இன்னும் கூடியது. மெத்வெதேவை விட 32.5 கிலோ அதிகம். ஏதோ தப்பாக அறிவித்துவிட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

ஆண்டர்சன் கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்தார். தள்ளினார். எடை தலைக்கு மேல் நின்றது.

அரங்கம் ஒரு நொடி அமைதியானது. பிறகு ஆரவாரம். போட்டி மேடையில் 400 பவுண்டுக்கு மேல் பிரஸ் செய்த மனிதரைக் கண்ணால் பார்த்த கூட்டம் அது. எதிரி நாட்டு வீரர் என்ற நினைப்பே அங்கே இல்லை. சோவியத் ரசிகர்கள் அவருக்கு இயற்கையின் அதிசயம் என்று பொருள்படும் பட்டப்பெயரையே கொடுத்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்று தோற்ற மெத்வெதேவ் சும்மா இருந்துவிடவில்லை. 1957, 1958 என அடுத்தடுத்து இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். வலுவின் எல்லை எங்கே இருக்கிறது என்று ஆண்டர்சன் காட்டிவிட்டுப் போனார். அதை எட்டிப்பிடிக்க சோவியத் வீரர்கள் கிளம்பினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் மியூனிக்கில் உலக சாம்பியன்ஷிப். பிரஸ்ஸில் 185 கிலோ, மூன்று பிரிவுகளின் மொத்தத்தில் 512.5 கிலோ. இரண்டுமே உலக சாதனை. தங்கம் சுலபமாகக் கிடைத்தது. ஊர் திரும்பியவரை அப்போதைய துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன் வரவேற்று நன்றி சொன்னார். 23 வயதில் ஒரு பளுதூக்கும் வீரர் நல்லெண்ணத் தூதராகவே ஆகிவிட்டார்.

1956 மெல்போர்ன்: 40 டிகிரி காய்ச்சல், ஒரே ஒரு வாய்ப்பு

அடுத்த ஆண்டு ஒலிம்பிக். ஆண்டர்சனுக்குத் தங்கம் நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு.

மெல்போர்னில் அவருக்கு உள்காதில் நோய்த்தொற்று. காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 டிகிரி செல்சியஸ். உடல் எடையும் மளமளவென்று குறைந்திருந்தது. போட்டி நாளில் அவர் எடை 137.9 கிலோ மட்டுமே.

அமெரிக்காவுக்கும் அந்த நாள் முக்கியமானது. மொத்தம் ஏழு எடைப் பிரிவுகள். அதுவரை முடிந்த ஆறில் அமெரிக்காவுக்கு 3 தங்கம், சோவியத்துக்கு 3 தங்கம். மிச்சம் இருந்தது ஹெவிவெயிட் மட்டும்.

எதிரே நின்றவர் அர்ஜென்டினாவின் ஹம்பர்ட்டோ செல்வெட்டி. கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

பிரஸ்: செல்வெட்டி 175 கிலோ, ஆண்டர்சன் 167.5 கிலோ. மாஸ்கோவில் 182.5 கிலோவைத் தள்ளிய அதே மனிதர், 15 கிலோ குறைவாகத்தான் தூக்க முடிந்தது.

ஸ்னாட்ச்: இருவரும் 145 கிலோ.

கிளீன் அண்ட் ஜெர்க்: செல்வெட்டி 180 கிலோ. அவருடைய மொத்தம் 500 கிலோ.

இந்த நிலையில் ஆண்டர்சன் 7.5 கிலோ பின்தங்கி இருந்தார். ஒரே வழி, கடைசிப் பிரிவில் 187.5 கிலோ. தூக்கினால் அவருக்கும் மொத்தம் 500 கிலோ. சமநிலை வந்தால் உடல் எடை குறைந்தவருக்குத் தங்கம் என்பது விதி. செல்வெட்டியின் எடை 143.5 கிலோ. ஆக, காய்ச்சலில் எடை குறைந்ததே இங்கே ஆண்டர்சனுக்குச் சாதகம்!

ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் மூன்று முயற்சிகள்தான். ஆண்டர்சன் நேராக 187.5 கிலோவிலேயே ஆரம்பித்தார். மூன்று முறையும் தவறவிட்டால் அந்தப் பிரிவில் பூஜ்யம். மொத்தமே கணக்கில் வராது. வெள்ளி கூட இல்லை, வெண்கலம் கூட இல்லை.

முதல் முயற்சி, தோல்வி. இரண்டாவது முயற்சி, அதுவும் தோல்வி.

மூன்றாவது முயற்சியில் எடை தலைக்கு மேல் நின்றது. அந்தப் பிரிவில் அது ஒலிம்பிக் சாதனையும் கூட. தங்கம் ஆண்டர்சனுக்கு. பளுதூக்குதலில் 4-3 என அமெரிக்கா முந்தியது.

அதற்குப் பிறகு இன்று வரை ஒலிம்பிக் ஆண்கள் பளுதூக்குதலின் உச்ச எடைப் பிரிவில் அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

ஏன் அடுத்த ஒலிம்பிக்கில் இல்லை?

24 வயது. உலக சாம்பியன், ஒலிம்பிக் சாம்பியன். இன்றைக்கு என்றால் விளம்பர ஒப்பந்தங்கள் வரிசையில் நிற்கும். அன்றைக்கு அப்படி இல்லை. விளையாட்டில் ஒரு பைசா சம்பாதித்தாலும் அமெச்சூர் தகுதி போய்விடும், ஒலிம்பிக் கதவு மூடிவிடும்.

ஆண்டர்சன் காசுக்காக மேடை நிகழ்ச்சிகள் செய்ய ஆரம்பித்தார். நெவாடா மாநிலத்தின் ரெனோ நகரத்தில், வெள்ளி டாலர் நாணயங்கள் நிரப்பிய பெட்டிகளைக் கம்பியின் இரு முனையிலும் மாட்டி, பார்வையாளர்கள் முன்னால் ஸ்குவாட் செய்வார். வேறு யாராவது தூக்கினால் அந்தப் பணம் அவருக்கே என்று அறிவிப்பும் இருந்ததாகச் சொல்வார்கள். யாரும் தூக்கவில்லை. கொஞ்ச காலம் மல்யுத்தம், குத்துச்சண்டை என்றும் முயன்று பார்த்தார். அவை பெரிதாக எடுபடவில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரால் பங்கேற்க முடியவில்லை. அங்கே சோவியத்தின் யூரி விளாசோவ் 537.5 கிலோ மொத்தத்தோடு தங்கம் வென்றார். உச்சத்தில் இருந்த ஆண்டர்சனும் விளாசோவும் ஒரே மேடையில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விளையாட்டு ரசிகர்கள் இன்றைக்கும் விவாதிக்கும் கேள்வி இது. விடை கிடைக்க வழியே இல்லை.

தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக் கதவு மெல்லத் திறந்தது 1980-களில்தான். அதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது.

2,844 கிலோ: உண்மையா, கட்டுக்கதையா?

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம்.

1957 ஜூன் 12. சொந்த ஊரான டொக்கோவாவில் ஆண்டர்சன் 6,270 பவுண்டு, அதாவது 2,844 கிலோவைத் தூக்கியதாகச் செய்தி வந்தது. நாலு மாருதி 800 கார்களை அடுக்கி வைத்தால் கூட இந்த எடை வராது! பல ஆண்டுகள் கின்னஸ் புத்தகத்திலும், மனிதன் தூக்கிய அதிகபட்ச எடை என்று இது இடம்பெற்றது.

எப்படித் தூக்கினார்? இதற்கு பேக் லிஃப்ட் என்று பெயர். கையால் தலைக்கு மேல் தூக்குவது இல்லை. உறுதியான மேஜை போன்ற ஒரு அமைப்பின் மேல் எடையை ஏற்றுவார்கள். வீரர் குனிந்து மேஜைக்குக் கீழே நுழைவார். கைகளை ஒரு சின்ன ஸ்டூலில் ஊன்றிக்கொண்டு, முதுகை மேஜையின் அடியில் கொடுத்து, காலை நிமிர்த்துவார். மேஜை தரையை விட்டுச் சில சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். கால் ஏறக்குறைய நேராக இருப்பதால் தசையை விட எலும்புகளே பெரும் பாரத்தைத் தாங்கும். அதனால்தான் ஸ்குவாட்டை விடப் பல மடங்கு எடை இதில் சாத்தியம்.

சரி, பிரச்சினை எங்கே?

மேஜையில் ஏற்றியது முத்திரையிட்ட போட்டி எடைகள் இல்லை. ஈயம் நிரப்பிய இரும்புப் பெட்டகம், வாகன உதிரிபாகங்கள் என்று கலவையான பொருட்கள். அவற்றை யார், எந்தத் தராசில், எப்படி எடை போட்டார்கள் என்பதற்கு உறுதியான ஆவணம் இல்லை. கூட்டமைப்பின் நடுவர்களும் இல்லை. வலு விளையாட்டு வரலாற்றை ஆராய்பவர்கள் கேள்வி எழுப்பியதும், கின்னஸ் பிற்காலப் பதிப்புகளில் இந்தச் சாதனையை நீக்கிவிட்டது.

ஸ்குவாட்டிலும் இதே கதைதான். 1,200 பவுண்டு, அதாவது சுமார் 544 கிலோவோடு அவர் ஸ்குவாட் செய்ததாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-ல் அமெரிக்காவின் ரே வில்லியம்ஸ், சிறப்பு உடை ஏதும் இல்லாமல், நடுவர்கள் முன்னால் 490 கிலோ ஸ்குவாட் செய்தார். நவீன பயிற்சி, நவீன உணவு எல்லாம் இருந்தும் 490. அப்படியானால் 1950-களில் 544 கிலோ என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? எவ்வளவு ஆழம் உட்கார்ந்தார், எடை சரிபார்க்கப்பட்டதா என்பதற்கு அதிகாரப்பூர்வ பதிவு இல்லை. ஆகவே அதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

அதற்காக ஆண்டர்சனை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் முடியாது. மாஸ்கோவிலும் மியூனிக்கிலும் மெல்போர்னிலும் நடுவர்கள், தராசு, எதிரணி என எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் தூக்கினார். அந்த எண்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மேடை நிகழ்ச்சிகளின் எண்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர் தன் காலத்தின் மிகப் பெரிய பலசாலிகளில் ஒருவர்தான்.

அவருக்காகக் காத்திருக்காத விளையாட்டு

1950-களில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ் எல்லாம் ஒலிம்பிக்கில் சேராத உதிரிப் பயிற்சிகள். ஆங்காங்கே உள்ளூர் ஜிம்களில் போட்டி நடக்கும். மூன்றையும் சேர்த்து ஒரு தனி விளையாட்டாக ஆக்கலாமே என்ற எண்ணம் மெல்ல வளர்ந்தது. பீப்பிள்ஸின் டெட்லிஃப்ட், கனடாவின் டக் ஹெப்பர்னின் பெஞ்ச் பிரஸ், ஆண்டர்சனின் ஸ்குவாட். இந்த மூன்றும்தான் அந்த எண்ணத்துக்கு உரம். ஹெப்பர்னும் லேசுப்பட்டவர் இல்லை. பிறவியிலேயே பாதத்தில் குறைபாடு இருந்தும் 1953-ல் பளுதூக்குதலில் உலக சாம்பியன் ஆனவர்.

1964-ல் பென்சில்வேனியாவின் யார்க் நகரத்தில் அமெரிக்க அளவிலான முதல் பெரிய போட்டி நடந்தது. 1965-ல் அது அதிகாரப்பூர்வ தேசிய சாம்பியன்ஷிப் ஆனது. 1971-ல் முதல் உலக சாம்பியன்ஷிப், அதுவும் யார்க்கில்தான். 1972-ல் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு உருவானது.

தான் பிரபலமாக்கிய ஸ்குவாட்டுக்கு என்றே ஒரு போட்டி வந்தபோது ஆண்டர்சனுக்கு 30 வயதைத் தாண்டியிருந்தது. இந்தப் போட்டிகளும் அமெச்சூர் அமைப்பின் கீழ்தான் நடந்தன. தொழில்முறை ஆளான அவருக்கு அங்கேயும் இடம் இல்லை. பவர்லிஃப்டிங் சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இல்லாததற்கு இதுதான் காரணம்.

அவர் விட்டுப்போனது எண்களை அல்ல, பயிற்சி முறையை. கால் வலுவே அடித்தளம், முழு அசைவுக்கு முன் அரை அசைவு, குறைந்த பயிற்சிகள் ஆனால் கனமான எடை, நடுவில் போதிய ஓய்வு. இன்றைக்கு இதெல்லாம் ஜிம்மில் சாதாரண பேச்சு. ஆனால் அவர் செய்து காட்டியபோது எல்லாமே புதுசு.

இவ்வளவு வலுவும் எதற்காக?

ஆண்டர்சனின் இரண்டாவது வாழ்க்கை மேடைக்கு வெளியே தொடங்கியது. 1959-ல் கிளெண்டாவைத் திருமணம் செய்துகொண்டார். 1961-ல் இருவரும் சேர்ந்து ஜார்ஜியாவின் விடாலியா என்ற ஊரில் ஒரு இளைஞர் இல்லத்தை ஆரம்பித்தார்கள். சட்டச் சிக்கலில் மாட்டி, சிறைக்குப் போக வேண்டிய நிலையில் இருந்த பையன்களுக்காக. சிறைக்குப் பதிலாகப் படிப்பு, வேலை, ஒழுங்கு. கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆழமாக இருந்த ஆண்டர்சன், அதைத் தன் கடமையாகவே பார்த்தார்.

பணத்துக்கு என்ன செய்வது? தன் உடம்பையே மூலதனம் ஆக்கினார். பள்ளிகள், தேவாலயங்கள், பொதுக்கூட்டங்கள் என வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் போனார். ஆட்களை மேஜையோடு சேர்த்து முதுகில் தூக்குவது, பலகையில் வெறும் கையால் ஆணி அடிப்பது என்று வித்தை காட்டுவார், பிறகு பேசுவார். கிடைக்கும் பணம் இல்லத்துக்குப் போகும்.

ஒலிம்பிக் கதவை மூடிய அதே மேடை நிகழ்ச்சிகள்தான், பல பையன்களுக்கு வேறொரு கதவைத் திறந்தன. அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது.

திரும்பி வந்த பழைய நோய்

குழந்தைப் பருவத்தில் வந்த சிறுநீரகப் பிரச்சினை ஞாபகம் இருக்கிறதா? நடுத்தர வயதில் அது மறுபடி தலைகாட்டியது. சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1983-ல் அவருடைய சகோதரி ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தார். அந்தத் தானம் அவருக்கு இன்னும் 11 வருஷங்களைக் கொடுத்தது. முன்பு போல நடமாட முடியாவிட்டாலும் இல்லத்தின் வேலைகளை விடவில்லை.

1994 ஆகஸ்ட் 15 அன்று விடாலியாவில் காலமானார். வயது 61. சொந்த ஊரான டொக்கோவாவில் அவர் பெயரில் ஒரு நினைவுப் பூங்காவும் சிலையும் இருக்கின்றன.

ஒரே பார்வையில் பால் ஆண்டர்சன்

* 1932: ஜார்ஜியாவின் டொக்கோவாவில் பிறப்பு
* 1955 ஜூன்: மாஸ்கோவில் 182.5 கிலோ பிரஸ்
* 1955 அக்டோபர்: மியூனிக்கில் உலக சாம்பியன், மொத்தம் 512.5 கிலோ
* 1956: மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம், மொத்தம் 500 கிலோ
* 1957: டொக்கோவாவில் 2,844 கிலோ பேக் லிஃப்ட், பின்னர் கின்னஸில் இருந்து நீக்கம்
* 1961: விடாலியாவில் இளைஞர் இல்லம் தொடக்கம்
* 1983: சகோதரியிடம் இருந்து சிறுநீரக தானம்
* 1994: மறைவு

பவர்லிஃப்டிங் இன்னும் ஒலிம்பிக்கில் சேரவில்லை. பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் வடிவில் இருக்கிறது, உலக விளையாட்டுப் போட்டிகளில் 1981 முதல் இடம்பெறுகிறது. ஒவ்வொரு போட்டியும் தொடங்குவது ஸ்குவாட்டில்தான். மெடல் பட்டியலில் ஆண்டர்சன் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் முதல் வீரர் கம்பிக்குக் கீழே நுழைந்து தோளைக் கொடுக்கும்போது, அவர் எடுத்துக்கொண்ட பயிற்சியில் டென்னசியில் ஒரு இளைஞர் தோண்டிய குழியின் பங்கும் கொஞ்சம் இருக்கும்.